பால்கனியில் ஒரு தம்

சொகுசுக் கப்பல்களில் சிகரெட்டுக்கு முழுத் தடை வேண்டுமா? தில்லைநகர் டிராவல்ஸ் மாடியில் தொடங்கிய வாக்குவாதம்

திருச்சி தில்லைநகரில் மாடியில் இயங்கும் ஒரு டிராவல்ஸ் அலுவலகம். வெளியே ஏப்ரல் வெயில். உள்ளே ஏசி குளிரில் பெரியப்பாவும் பெரியம்மாவும் அடுத்தடுத்த நாற்காலியில். பெரியப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வீடு ஸ்ரீரங்கத்தில். மகன் சிங்கப்பூரில். கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகிறதே, அப்பா அம்மாவைக் கப்பலில் ஏற்றிவிடலாம் என்று மகனுக்கு ஆசை. சிங்கப்பூரில் ஏறி மூன்று ராத்திரி கடலில் சுற்றி அங்கேயே இறங்குகிற டிக்கெட்.

மேசையில் விரித்துவைத்த வழவழ தாளை ஏஜென்ட் தம்பி பேனாவால் தொட்டுக் காட்டினார். "இது இன்சைட் ரூம் சார், ஜன்னல் இருக்காது. இது ஓஷன் வியூ. இது பால்கனி, வெல கொஞ்சம் கூட."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பால்கனி எடுத்தா ராத்திரி அங்க நின்னு ஒரு தம் போட்டுக்கலாம்ல தம்பி?"

"கூடாது சார். பால்கனியிலயும் கூடாது, ரூம்லயும் கூடாது. மாட்டுனா ஃபைன் போட்டு கார்டுலேர்ந்து எடுத்துருவாங்க. அதுக்குன்னு டெக்குல ஒரு மூலை இருக்கும், அங்க போயி அடிச்சுக்கலாம்."

"நடுக்கடல்ல கூடவா?"

பெரியம்மா எதுவும் காதில் விழாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் வந்தது பின்னால் சோபாவில் காத்திருந்த ஒரு பெண்ணிடமிருந்து. "அந்த மூலையும் இருக்கக்கூடாதுங்க. போன வருஷம் நாங்க போன கப்பல்ல கேசினோவத் தாண்டித்தான் சாப்பாட்டு ஹாலுக்குப் போகணும். ஒரே பொக. பையனுக்கு இழுப்பு வந்து ரெண்டு ராத்திரி தூங்கல. காசு நாங்களும்தானே குடுத்தோம்?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். 'பத்திரிகைக்காரன்தானே, நீ சொல்லு' என்பது அந்தப் பார்வையின் பொருள். இந்தக் கட்டுரையை அந்தப் பார்வைக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நாகையிலிருந்து ஏறியவர்கள்

திருச்சிக்காரர்களுக்குக் கப்பல் புதிதல்ல. விமானம் வருவதற்கு முன்பு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் நாகப்பட்டினத்தில்தான் ஏறினார்கள். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' அந்தத் தடத்தில் அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. 1970-களில் அதன் வேலையை 'எம்.வி. சிதம்பரம்' எடுத்துக்கொண்டது. பெரியப்பாவின் அப்பா ரஜூலாவின் திறந்த டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனவர். ராத்திரியில் டெக் நெடுக மினுக்மினுக்கென்று பீடி நுனிகள் தெரியுமாம். வீட்டில் நூறு தடவை சொல்லப்பட்ட கதை. புகைக்குத் தனி இடம் கேட்க வேண்டிய அவசியமே அன்று இல்லை. கப்பல் முழுக்க அதற்கான இடம்தான்.

சிதம்பரத்தின் முடிவு வேறு மாதிரி. 1985 பிப்ரவரியில் மலேசியப் பக்கமிருந்து சென்னைக்குத் திரும்புகிற வழியில் அதில் தீப்பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பல் அதன்பின் பயணிகளை ஏற்றவே இல்லை, உடைக்கத்தான் போனது. அந்தத் தீக்குச் சிகரெட் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. நடுக்கடலில் தீ என்றால் என்ன என்பது தமிழ்நாட்டு வீடுகள் சிலவற்றுக்குச் செய்தித்தாள் படிக்காமலே தெரியும், அவ்வளவுதான்.

இப்போது கப்பல் திரும்பி வந்திருக்கிறது, வேறு வேஷத்தில். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 'கார்டிலியா' சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 2023-இல் அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய் வந்தது. திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டது. இங்கிருந்து நாலு மணி நேரத்துச் சொச்சத்தில் சிங்கப்பூர். அங்கே இறங்கினால் கப்பல். பிள்ளைகள் டிக்கெட் போடுகிறார்கள், ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் ஏறுகிறார்கள். வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு கிடைக்குமா என்று பத்து தடவை கேட்பவர்கள் புகையைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. கப்பலில் கால் வைத்த பிறகுதான் மூக்கு கேட்கிறது.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: உலகம் இழுத்த உறையூர்ச் சரக்கு

ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு சொல் இருக்கிறது. அது நம் 'சுருட்டு'தான். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலையில் உறையூர்க் கூடங்கள் சுருட்டிய சுருட்டு 'டிரிச்சினாபொலி' என்ற பெயரில் கடல் கடந்தது. வெள்ளைக்காரர்கள் அதைச் செல்லமாக 'டிரிச்சி' என்றே கூப்பிட்டார்கள். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சி சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடித்துவிடுவார். சர்ச்சிலுக்கும் இங்கிருந்துதான் போனது என்பது உறையூரில் இன்றும் சொல்லும் கதை. ஆதாரம் கேட்டால் சிரிப்பார்கள்.
━━━━━━━━━━

இன்று உறையூரில் சுருட்டுக் கூடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். ஆனால் சுருட்டு போய்விடவில்லை. திருச்சியைச் சுற்றிய கிராமங்களில் கருப்புக்குச் சாராயத்தோடு சுருட்டும் வைத்துத்தான் படையல். கப்பல்களில் ஏறி உலகம் சுற்றிய புகைக்குப் பெயர் கொடுத்த ஊர், இப்போது கப்பலில் புகை கூடாது என்று சண்டை போடுகிறது. கருப்பு என்ன நினைக்கிறதோ.

அதிகாலை 3.09

பால்கனியில் ஏன் கூடாது? பெரியப்பாவின் கேள்விக்கு நேரான பதில் 2006 மார்ச் 23 அன்று கரீபியன் கடலில் இருக்கிறது. 'ஸ்டார் பிரின்சஸ்' என்ற கப்பல் சுமார் 2,700 பயணிகளோடு ஜமைக்காவின் மாண்டிகோ பே நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதிகாலை 3.09-க்கு ஒரு பால்கனியில் தீ தெரிந்தது. பால்கனிகளுக்கு நடுவே தடுப்பாக நின்றது பாலிகார்பனேட். நாற்காலிகளும் பிளாஸ்டிக் வகைதான். அறைக்குள்ளே புகை உணர்கருவி இருந்தது, தண்ணீர் பீய்ச்சும் குழாய் இருந்தது. பால்கனியில் இரண்டும் இல்லை. ஓடுகிற கப்பல், எதிர்க்காற்று வேறு. அரை மணி நேரத்துக்குள் தீ பக்கத்துப் பால்கனிகளைத் தாண்டி மேல் தளங்களுக்கு ஏறிவிட்டது. புகையில் மூச்சுத் திணறி ஒரு பயணி இறந்தார், 13 பேருக்குச் சிகிச்சை. 79 அறைகள் எரிந்து உபயோகமற்றுப் போயின, இன்னும் 218 அறைகள் புகையிலும் தண்ணீரிலும் கெட்டன.

பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரித்துச் சொன்ன காரணம்: அணைக்காமல் எறியப்பட்ட ஒரு சிகரெட்டாகத்தான் பெரும்பாலும் இருக்க வேண்டும்.

துண்டைக் கடலுக்குள் எறிந்துவிடலாம் என்று தோன்றும். கப்பல் போகிற வேகத்தில் அது கடலில்தான் விழும் என்று சொல்ல முடியாது. காற்று அதைத் திருப்பி இரண்டு தளம் கீழே இருப்பவர் காயப்போட்ட துணியின் மேல் போடலாம். திருச்சி–சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முன் சீட்டுக்காரர் துப்பியதை வாங்கிக்கொண்டவர்களுக்கு இந்தப் பௌதிகத்தை விளக்க வேண்டியதில்லை. சிகரெட்டின் பின்பக்கத்துப் பஞ்சு வெறும் பஞ்சும் அல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். எந்தக் கடலிலும் பிளாஸ்டிக்கை எறியக்கூடாது என்கிறது மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தம்.

அந்த விபத்துக்குப் பிறகு பால்கனியில் என்ன பொருள் இருக்கலாம், என்ன கருவி வேண்டும் என்பதற்கான சர்வதேச விதிகள் திருத்தப்பட்டு 2008 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. கம்பெனிகள் நிதானமாகத்தான் இறங்கி வந்தன. எரிந்த கப்பலின் சொந்தக்காரரான பிரின்சஸ் நிறுவனமே பால்கனித் தடையை 2012 ஜனவரியில்தான் கொண்டுவந்தது. நடுவில் ஆறு வருஷம். ராயல் கரீபியனும் கார்னிவலும் 2014-இல் பின்தொடர்ந்தன.

ஆக, பால்கனி விஷயத்தில் விவாதம் முடிந்துவிட்டது. அறையிலும் முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டு இடங்கள்: கேசினோ, திறந்த டெக்கின் மூலை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவதால்தான் சண்டை நீள்கிறது.

'சொர்க்கம்' என்ற கப்பல்

முழுத் தடை நடக்காத காரியம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. அது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1998-இல் கார்னிவல் நிறுவனம் 'பாரடைஸ்' என்ற கப்பலை இறக்கியது. சொர்க்கம் என்றுதான் பெயர். புகைக்கு முழுத் தடை விதித்த பெரிய சொகுசுக் கப்பல் அது. உள்ளே கூடாது, டெக்கில் கூடாது, பையில் சிகரெட் வைத்திருந்தாலே குற்றம். மாட்டினால் 250 டாலர் அபராதம், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள், சொந்தச் செலவில் வீடு திரும்ப வேண்டும். சொன்னபடி இறக்கியும் விட்டார்கள்.

ஆறு வருஷம் ஓடியது. 2004-இல் தடையை எடுத்துவிட்டார்கள். தீ விபத்தா? கலவரமா? ஒன்றுமில்லை. புகைக்காதவர்கள் குடிப்பதும் குறைவு, சூதாடுவதும் குறைவு. டிக்கெட் விற்றது, ஆனால் பாரிலும் கேசினோவிலும் கல்லா நிறையவில்லை.

இந்த விவகாரத்தின் மையம் இதுதான் என்பது என் எண்ணம். சொகுசுக் கப்பலின் லாபம் டிக்கெட்டில் மட்டும் இல்லை, ஏறிய பிறகு நீங்கள் செலவழிப்பதில் இருக்கிறது. சீட்டு மேசையில் உட்கார்ந்தவர் ஒரு தம்முக்காக எழுந்து டெக்குக்குப் போனால், திரும்பி வரும்போது கடல்காற்றில் புத்தி தெளிந்து அறைக்குப் போய்ப் படுத்துவிடலாம். அவரை எழவிடக்கூடாது. அதற்காகத்தான் அறையிலும் பால்கனியிலும் தடை போட்ட பல கப்பல்கள் கேசினோவில் மட்டும் ஒரு பகுதியை விட்டுவைத்திருக்கின்றன. சுவர் எழுப்பினாலும் வாசல் வேண்டுமே. வாசல் இருந்தால் புகை வரும். புகைப்பவர்களைத் தனியே உட்கார வைத்தாலும், காற்றைச் சுத்தம் செய்யும் கருவிகளைப் போட்டாலும், பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பதை முழுதாகத் தடுக்க முடியாது என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி அறிக்கை 2006-லேயே சொல்லிவிட்டது. டிராவல்ஸ் சோபாவில் இருந்த அந்த அம்மா அறிக்கை எதையும் படித்தவர் அல்ல. பையனின் இழுப்பைப் பார்த்தவர்.

இதில் யாரும் பேசாத ஒரு ஆள் இருக்கிறார். சீட்டுப் போடுகிறவர். பயணி மூன்று ராத்திரியில் இறங்கிவிடுவார், ஊழியரின் ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம். அத்தனை மாதமும் அந்தக் காற்றுதான். அடுத்த மேசைக்குப் போகிறேன் என்று அவர் சொல்ல முடியாது, வேலையை விட்டுவிட்டு இன்றைக்கே வீட்டுக்குப் போகிறேன் என்றும் சொல்ல முடியாது. சுற்றிலும் கடல். கார்டிலியாவில் கேசினோ இருக்கிறது என்பதற்காகவே 2022-இல் புதுச்சேரியில் எதிர்ப்புக் கிளம்பி, கப்பலைக் கரையோரம் விடாமல் திருப்பி அனுப்பினார்கள். கலாசாரம் கெடும் என்று நாள்கணக்கில் பேசினோம். அந்த மாதிரி அறைகளில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவரின் நுரையீரல் பற்றி ஒரு குரல்கூட என் காதில் விழவில்லை.

கேசினோவில் புகையை நிறுத்தினால் கப்பல் கம்பெனி மூழ்கிவிடும் என்பதும் உண்மையில்லை. செலிப்ரிட்டி நிறுவனத்தின் கப்பல்களில் கேசினோவுக்குள் புகைக்க முடியாது. அவை மிதந்துகொண்டுதான் இருக்கின்றன.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: வாகனமா, ஹோட்டலா?

2003-ஆம் ஆண்டு புகையிலைப் பொருள்கள் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் அமலான விதிகளும் பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கின்றன. அபராதம் 200 ரூபாய் வரை. 'பொது இடம்' என்ற விளக்கத்தில் பொதுப் போக்குவரத்து வாகனங்களும் அடக்கம்.

தனிப் புகையறை வைக்க விதிவிலக்கு மூன்று இடங்களுக்கு மட்டும்: விமான நிலையம், 30 அறை அல்லது அதற்கு மேலுள்ள ஹோட்டல், 30 பேர் அல்லது அதற்கு மேல் உட்காரும் உணவகம். பட்டியலில் கப்பல் இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கில் அறைகளும் உணவகங்களும் வைத்துக்கொண்டு நானும் ஹோட்டல்தான் என்று அது சொன்னால்?

கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கி.மீ. வரைதான் நம் கடல் எல்லை. அதைத் தாண்டினால் கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி, கல்லணையைத் தாண்டியதும் வேறு நாட்டுச் சட்டம் வருகிற மாதிரி.

சிங்கப்பூரில் ஏறுகிறவர்கள் கவனத்துக்கு: அங்கே சிகரெட்டுக்கு வரிவிலக்கு இல்லை. ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் சுங்கத்தில் சொல்ல வேண்டும். இ-சிகரெட் கையில் இருந்தாலே குற்றம்.
━━━━━━━━━━

ரயில்வேக்காரர் சொன்னது

"தடன்னு போட்டா ஒழிஞ்சுருமா?" என்று கேட்டவர் பெரியப்பா. ரயில்வே சட்டம் 167-ஆவது பிரிவு அவருக்கு மனப்பாடம். ரயிலில் புகைத்தால் நூறு ரூபாய் வரை அபராதம். "பிரிவு இருக்கு. கக்கூஸ்ல வாடையும் இருக்கு. பெட்டிய நாங்க கழுவி விடுறப்போ மூலையில துண்டு துண்டா கெடக்கும்டா."

இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் என்னிடம் சுலபமான பதில் இல்லை. 2023 ஆகஸ்ட் 9 அன்று திருப்பதியிலிருந்து செகந்திராபாத் போன வந்தே பாரத் ரயிலில் ஒருவர் டிக்கெட் இல்லாமல் ஏறி, கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு சிகரெட் பற்றவைத்தார். உணர்கருவி கூவியது, தீயணைப்புப் பொடி பெட்டிக்குள் பீய்ச்சியடித்தது, பயணிகள் பதற, வண்டி மனுபோலு அருகே நின்றது. அது தண்டவாளம். நிறுத்த முடிந்தது, இறங்க முடிந்தது.

விமானத்தில் இதைவிடக் கொடுமையான பாடம். 1973 ஜூலையில் பாரிஸ் அருகே வாரிக் நிறுவன விமானத்தின் கழிப்பறையில் கிளம்பிய தீயில் 123 பேர் இறந்தார்கள். குப்பைத் தொட்டியில் விழுந்த சிகரெட் என்றே சந்தேகம். இன்று விமானத்தில் புகைக்கவே முடியாது. ஆனாலும் கழிப்பறைக் கதவில் ஒரு சாம்பல் கிண்ணம் இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? மறந்துபோய் விட்டுவைத்ததல்ல. எவனாவது ஒருவன் தடையை மீறத்தான் போகிறான், மீறியவன் துண்டைக் காகிதக் குப்பையில் போட்டுவிடக் கூடாது என்ற கணக்கு. மனுஷனை உள்ளபடி புரிந்துவைத்துக்கொண்டு போட்ட விதி.

விமானத்தில் திருச்சி–சிங்கப்பூர் நாலு மணி நேரத்துச் சொச்சம், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். கப்பல் மூன்று ராத்திரி. நிக்கோட்டினை விட்டவருக்கு எரிச்சல், தூக்கமின்மை, தவிப்பு எல்லாம் உச்சத்துக்கு வருவது முதல் இரண்டு மூன்று நாளில்தான். அதாவது மூன்று ராத்திரிப் பயணம் என்பது, நாற்பது வருஷம் புகைத்த ஒருவருக்கு மிக மோசமான மூன்று நாளைத் தேர்ந்தெடுத்து, சுற்றிலும் தண்ணீரை நிரப்பி, அறை அறையாகக் கதவு வைத்துக் கொடுப்பது. அந்தக் கதவுகளில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால், புகை உணர்கருவியில் ஷவர் கேப்பை மாட்டிவிட்டு யாராவது ஒருவர் பற்றவைப்பார். ஸ்டார் பிரின்சஸ் கதையைப் படித்த பிறகு எனக்குப் பயம் அந்த ஒருவரைப் பற்றித்தான், டெக் மூலையில் எல்லார் கண்ணிலும் பட நின்று புகைப்பவரைப் பற்றி அல்ல.

என் தீர்ப்பு என்னவென்று பெரியப்பா கேட்டார். சொன்னேன். கூரைக்குக் கீழே எங்கும் கூடாது, கேசினோவில் முதலில் கூடாது, அங்கே அரைத் தடையும் ஆகாது. பால்கனியில் மன்னிப்பே கிடையாது. பின்பக்கத் திறந்த டெக்கில், காற்று கப்பலுக்குள் திரும்பாத இடத்தில், மணல் தொட்டியோடு ஒரு மூலை இருக்கலாம். நீச்சல் குளத்துக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் பக்கத்தில் அல்ல. போகிற வழி கொஞ்சம் தூரமாகவே இருக்கட்டும். ஏறும்போதே கப்பல் கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் சிகரெட்டைவிட மலிவாகக் கிடைக்கட்டும்.

முழுத் தடை கேட்ட அந்த அம்மாவுக்கு இது போதாது என்று தெரியும். பட்டவர் அவர். மூலையிலிருந்து திரும்பி லிஃப்டில் ஏறுகிறவரின் சட்டை வாடையே பையனுக்கு ஆகாது என்று அவர் சொன்னால், மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. மூலை கிடையவே கிடையாது என்று ஒரு கம்பெனி நாலு கப்பல் விட்டு, அதை விளம்பரத்திலேயே சொன்னால், இப்படிப்பட்ட குடும்பங்கள் தேடிப் போய் ஏறும். பாரடைஸ் காலத்தை விடப் புகைக்காதவர்கள் இன்று அதிகம். 2016–17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம்தான். பத்தில் ஒன்பது பேருக்குத் தனியாக ஒரு கப்பல் என்பது வியாபாரத்துக்கும் மோசமான யோசனையாகத் தெரியவில்லை.

படிவம் நிரப்பும் நேரம் வந்தது.

"அப்ப இன்சைட் ரூமே போடு தம்பி," என்றார் பெரியப்பா. "பால்கனியில தம் அடிக்க முடியாதுன்னா அப்புறம் பால்கனி எதுக்கு? காசாவது மிஞ்சும்."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா அப்போதுதான் திரும்பினார். "எனக்குக் கடல் பார்க்க வேணாமா?"

யாரும் பேசவில்லை. நாற்பது வருஷமாக வீட்டு மாடிப் பால்கனியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் நின்று நான் பார்த்ததில்லை. அது பெரியப்பாவின் நேரம், பெரியப்பாவின் இடம். துணி எடுக்கப் போனாலும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் வந்துவிடுவார்.

ஏஜென்ட் தம்பி பேனாவைத் தாளின் மேல் நிறுத்தியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பால்கனியே போடுங்க," என்றார் பெரியம்மா. "பேரு என் பேர்ல போடுங்க."

கீழே இறங்கியதும் பெரியப்பா வழக்கம்போல பெட்டிக்கடைப் பக்கம் நடந்தார். கம்பத்தில் சணல் கயிற்று நுனி கனன்றுகொண்டிருந்தது. பற்றவைத்துவிட்டு, நாங்கள் நின்ற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, இரண்டு கடை தள்ளிப் போய் நின்றுகொண்டார்.